வெளிநாட்டுல உங்களுக்குக் கைகொடுத்த ஒரு ஆளப் பத்தி எழுதுங்க (ஊர், சாப்பாடு வேணாம், ஆள் மட்டும்)

ஆயக்கொட்டகை
வெள்ளி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பேரா மாநிலத்து சுங்கை சிப்புட் ஆளுங்க இப்பல்லாம் நல்லாவே ஊர் சுத்துறாங்க, ஹாட்யாய்ல ஆரம்பிச்சு ஐரோப்பா வரைக்கும் போய்ட்டு வந்து படம் போடுறாங்க, பார்க்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா படத்துல கோபுரம் இருக்கு, மலை இருக்கு, சாப்பாட்டுத் தட்டு இருக்கு, மனுஷங்களத்தான் காணோம். அதான் இந்த இழை.

போன எடத்துல உங்களுக்கு ஒறவும் இல்ல, இனமும் இல்ல, பாஷையும் வேற, ஆனா இன்னிக்கும் சாமி கும்புடுறப்ப அவங்க நல்லா இருக்கணும்னு தோணுதுல்ல, அந்த ஆள் யாரு? அதச் சொல்லுங்க.

நானே தொடங்கிடுறேன். நானும் என் தங்கச்சியும் இந்தோனேசியாவுல மேடான் போயிருந்தோம். நம்ம பாட்டன் பூட்டன் பினாங்குல வந்து எறங்கின காலத்துலயே இன்னொரு கூட்டம் மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் டெலி புகையிலைத் தோட்டத்துக்குப் போச்சுன்னு எங்க அப்பாயி சொல்லும். அவங்க 1884ல கட்டுன மாரியம்மன் கோயில் இன்னும் கம்போங் மெட்ராஸ்ல இருக்கு. அங்க உள்ள நின்னுக்கிட்டு இருக்கப்பவே வெக்கை தாங்காம தங்கச்சி அப்படியே சரிஞ்சிட்டா. வாசல்ல பூக்கட்டி விக்கிற அம்மா ஒருத்தங்க ஓடி வந்தாங்க. மொகத்தப் பார்த்தா எங்க பெரியம்மா ஜாடை, ஆனா தமிழ் ஒரு வார்த்தை வரல, இந்தோனேசியா பாஷைதான். நான் மலாய்ல பேச அவங்க அதுல பேச எல்லாம் புரிஞ்சிடுச்சு. மோட்டார் பெச்சாவ அவங்களே நிறுத்தி, தங்கச்சி தலைய மடியில வச்சுக்கிட்டு கிளினிக்குக்கு வந்தாங்க. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, அவங்களுக்கு வியாபார நாளு. டிரிப் ஏத்தி முடியிற வரைக்கும் நகரல, கட்டி வச்ச பூவெல்லாம் கோயில் வாசல்லயே வாடிப் போயிருக்கும். காசு குடுத்தா கைய இழுத்துக்கிட்டாங்க.

மறுநாள் அவங்க மருமகன், பத்தாக் இனத்துக் கத்தோலிக்கத் தம்பி, எங்கள அன்னை வேளாங்கண்ணி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. 2005ல கட்டுனது, ஒரு தமிழ் பாதிரியார் முன்னாடி நின்னு கட்டுனாராம். வெளியில நின்னு பார்த்தா அடுக்கடுக்கா கோபுரம், உள்ள மாதா. அங்க ஜெபம் பண்றதுல பாதிப் பேர் பத்தாக் ஆளுங்க. அந்த வீட்டுல மாமியார் மாரியம்மனுக்குப் பூ கட்டுறாங்க, மருமகன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறாரு, பக்கத்து வீட்டு ஜாவாக்காரம்மா தங்கச்சிக்குக் கஞ்சி வச்சுக் குடுத்து விடுறாங்க. அந்தப் பூக்காரம்மா பேரக்கூட நான் சரியா கேட்டுக்கல, ஆனா தைப்பூசத்துக்குப் பூ வாங்குற ஒவ்வொரு தடவையும் அவங்க நெனப்புதான்.

இப்ப நீங்க எழுதுங்க.


பெரட்டுக்களம்
வெள்ளி, இரவு 10.35

தங்கச்சி, நல்ல கேள்வி போட்டீங்க. நான் அதிகம் ஊர் சுத்துன ஆளு இல்ல, லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவன். ஆனா தாய்லாந்துல காஞ்சனாபுரி போகணும்னு சின்ன வயசுலேர்ந்தே மனசுல இருந்துச்சு.

எங்க தாத்தாவோட அண்ணன ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போனான். நம்ம ஏரியா தோட்டத்துல அந்தக் கதை இல்லாத குடும்பம் கொறச்சல். 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1942ல தொடங்கி 1943 அக்டோபர்ல முடிச்சான், எப்படி முடிச்சான்னா காலராவுலயும் பசியிலயும் ஆள் விழ விழ அடுத்த லயத்துலேர்ந்து (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு) ஆள் ஏத்திக்கிட்டே இருந்தான். வெள்ளைக்காரக் கைதிங்க 12,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்குக் கணக்கு இருக்கு, பேர் இருக்கு. நம்ம ஆளுங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க எல்லாம் அதவிடப் பல மடங்கு, சரியான கணக்கே கெடையாது.

அங்க போர்க் கல்லறையில ஏறக்குறைய 7,000 கல்லு வரிசையா நிக்குது, புல்லு வெட்டி, பூச்செடி வச்சு அவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க. நான் வரிசை வரிசையா நடந்தேன். நம்ம ஆளுங்களுக்கு அங்க எடம் இல்லன்னு தெரிஞ்சுதான் போனேன், ஆனாலும் கண்ணு ஒரு தமிழ்ப் பேர தேடிக்கிட்டே இருந்துச்சு. எதிர்ல மீ கடை வச்சிருந்த தாய்லாந்து அம்மா ஒருத்தங்க ரொம்ப நேரமா என்னப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க போல, அவங்க மகன், ஸ்கூல் யூனிபோர்ம் போட்ட பையன், போன நீட்டி எழுதச் சொன்னான். நான் மலாய்ல எழுதினேன், அது தாய்லாந்து பாஷையா மாறிச்சு. அந்தம்மா படிச்சாங்க. ஒண்ணும் பேசாம மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து ஏறுன்னு கை காட்டுனாங்க.

கூட்டிட்டுப் போனது வாட் தாவோர்ன்னு ஒரு புத்தர் கோயிலுக்கு. ஆசியத் தொழிலாளிங்க எலும்பெல்லாம் சேர்த்து அடக்கம் பண்ணி நினைவுச்சின்னம் கட்டியிருக்காங்க அங்க. சுத்துபத்துல இருந்த சனங்க செஞ்ச வேலை அது, நம்ம ஆளுங்க சொந்தக்காரங்ககூட இல்ல. நான் சூடம் கொண்டு போகல. அந்தம்மா ஊதுபத்தி வாங்கிக் கையில குடுத்தாங்க, பிக்கு ஒருத்தர் மெழுகுவத்தி கொண்டாந்து வச்சாரு, நான் எனக்குத் தெரிஞ்ச தேவாரத்தப் பாடுனேன். நல்ல வெயில். பாடி முடிக்கிற வரைக்கும் அந்தம்மா எனக்குக் குடை புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

திரும்பி வந்தப்புறம் அந்தப் பையன் போன்ல எழுதிக் காட்டுனான். அவனோட பூட்டி சொல்லுவாங்களாம், சண்டைக் காலத்துல கறுப்பா, எலும்பும் தோலுமா ஆளுங்க காட்டுலேர்ந்து வருவாங்க, ஜப்பான்காரன் பார்க்காதப்ப வாழைப்பழமும் சோத்து உருண்டையும் குடுப்போம்னு. அதுல எங்க பெரிய தாத்தா இருந்தாரா இல்லையா யாருக்குத் தெரியும், இருந்திருக்கலாம். அந்தக் குடும்பம் எங்க குடும்பத்துக்கு ரெண்டு தலைமுறையா சோறும் நெழலும் குடுத்திருக்குன்னுதான் நான் நெனச்சுக்கிறேன்.

பாலத்துக்குப் பக்கத்துல 1944ல ஜப்பான் ராணுவமே கட்டுன நினைவுத் தூண் ஒண்ணும் இருக்கு, அதுல தமிழ் எழுத்து இருக்கு. போறவங்க பார்த்துட்டு வாங்க.


கோலகங்சார்_நானா
வெள்ளி, இரவு 11.02

பெரட்டுக்களம் ஐயா எழுதினதப் படிச்சு கண்ணு கலங்கிடுச்சு.

நான் சுருக்கமா சொல்றேன். உம்மாவ ஹஜ்ஜுக்குக் கூட்டிட்டுப் போனேன், நம்ம ஹஜ் வாரியம் தாபோங் ஹாஜியில பேர் எழுதி வச்சு வருசக் கணக்கா காத்திருந்து கெடச்சது. அரஃபா முடிஞ்சு முஸ்தலிபா வந்தா அங்க கூடாரம் கெடையாது, வானம்தான் கூரை, கல்லுத் தரை. லட்சக்கணக்கான ஆளுங்க, கோடீஸ்வரனும் அங்கதான் படுக்கணும் கூலிக்காரனும் அங்கதான் படுக்கணும். உம்மாவுக்கு இடுப்பு வலி, ஒக்காரவே முடியல. பக்கத்துல ஆப்பிரிக்காக்காரம்மா ஒருத்தங்க, எந்த நாடுன்னுகூட தெரியாது, நல்ல ஆகிருதி, மஞ்சக் கலர்ல துணி. தான் விரிச்சிருந்த பாய உருவி உம்மாவுக்குப் போட்டுட்டு வெறும் கல்லுல படுத்துட்டாங்க. விடியறதுக்கு முன்னாடி கூட்டத்தோட எழுந்து போய்ட்டாங்க, பாய திருப்பிக் குடுக்கக்கூட ஆள் இல்ல. உம்மா மவுத்தாகுற வரைக்கும் அஞ்சு வக்துலயும் அந்தம்மாவுக்கு துஆ கேட்டாங்க, அந்தப் பழக்கம் இப்ப எனக்கும் வந்திடுச்சு.


நைட்ஷிப்ட்
சனி, காலை 6.48

எல்லாம் படிச்சேன். மனசத் தொடுது. ஆனா ஒண்ணு சொல்லிடணும், கோச்சுக்காதீங்க. வெளிநாட்டுல எல்லாரும் தங்கமான மனுஷங்கன்னு ஒரு படம் இந்த இழையில உருவாகிட்டு வருது. சுத்திப் பார்க்கப் போறவங்க கையில காசு இருக்கு, போன வாரம் வந்தோம் அடுத்த வாரம் கெளம்பிடுவோம், அவங்களுக்குச் சிரிச்ச மொகம் கெடைக்கும். அங்கயே வேலை செஞ்சு வாழப் போனவனக் கேளுங்க.

நான் சிங்கப்பூர்ல வேலை. ரூம் தேடுறப்ப போன்ல பேர் சொன்னதுமே ரூம் போயிடுச்சுன்னு வச்சிடுவாங்க, அதே ரூம் மறுநாளும் விளம்பரத்துல இருக்கும். ஒரு எடத்துல நேராவே சொல்லிட்டாங்க, இந்தியருக்குக் குடுக்கிறதில்லன்னு. கோலாலம்பூர்லயும் இதே கதைதான், நம்ம பிள்ளைங்க படிக்கப் போய் ரூம் தேடி அலைஞ்ச கதை இங்க எல்லா வீட்டுலயும் இருக்கும். நன்றி சொல்றது நல்லதுதான், அதுக்காக இந்த மூடுன கதவ மறக்கக் கூடாது.

ஆனா அக்கா கேட்டதுக்கும் பதில் இருக்கு. கடைசியில எனக்கு ரூம் குடுத்தது ஒரு சீன அங்கிள், லிப்ட் ரிப்பேர் பண்ற வேலை, பெண்டாட்டி இல்ல, தனியாள். நான் தைப்பூசத்துக்கு விரதம் இருக்கேன்னு சொன்னேன், பால்குடம் எடுக்கணும்னு. மறுநாள் பார்த்தா பன்னி வறுக்குற அவரோட குவாலிய எடுத்துக் கொண்டு போய் துணி காயப்போடுற எடத்துல வச்சிட்டாரு, விரதம் முடியிற வரைக்கும் வீட்டுக்குள்ள அவர் கறி சமைக்கவே இல்ல, கடையில போய்தான் சாப்பிட்டாரு. எனக்குன்னு புதுச் சட்டி ஒண்ணு வாங்கி அடுப்புல வச்சிருந்தாரு. நான் கேக்கவே இல்ல. சிங்கப்பூர்ல தைப்பூசம் 1968லேர்ந்து பொது விடுமுறை கெடையாது, அவரு லீவு போட்டுட்டு விடியக்காலைல என்ன சிராங்கூன் ரோட்டு பெருமாள் கோயில்ல எறக்கி விட்டாரு, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் ரோட்டோரத்துலயே என் பைய சுமந்துக்கிட்டு நடந்து வந்தாரு.

அதனால நான் மனுஷங்க நல்லவங்கன்னும் சொல்ல மாட்டேன், கெட்டவங்கன்னும் சொல்ல மாட்டேன். அந்த அங்கிளுக்கு நன்றி. அவருக்கு மட்டும்.


ஆயக்கொட்டகை
சனி, காலை 9.20

தம்பி நைட்ஷிப்ட், கோச்சுக்க என்ன இருக்கு. நீங்க சொன்னதாலதான் அந்த அங்கிள் செஞ்சதோட எடை எனக்கே தெரியுது. எல்லாக் கதவும் தெறந்திருந்தா அவரோட கதவுக்கு என்ன மதிப்பு. நான் எல்லாரும் நல்லவங்கன்னு எழுதச் சொல்லல, ஒரு ஆளப் பத்தி எழுதச் சொன்னேன், நீங்க அதத்தான் எழுதியிருக்கீங்க.


மலைஏறி
சனி, மதியம் 1.15

என்னோடது நேப்பாளம். லாங்டாங் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கப் போனேன், 2015 ஏப்ரல் 25ஆம் தேதி நிலநடுக்கத்துல மலைச்சரிவு வந்து அந்தக் கிராமமே மூடிப் போச்சு, இப்ப பக்கத்துலயே புதுசா கட்டியிருக்காங்க. உயரம் ஒத்துக்காம எனக்குத் தலை வெடிக்கிற வலி, வாந்தி. வழியில இருந்த லாட்ஜுல போய் விழுந்தேன். லாட்ஜ் நடத்துற ஆளு என் பாஸ்போர்ட்டப் பார்த்ததும் கேட்டாரு பாருங்க, "அபாங், சுடா மாக்கான்?" அண்ணே, சாப்பிட்டாச்சான்னு மலாய்ல.

நான் ஒரு நிமிஷம் எங்க இருக்கேன்னே தெரியாம முழிச்சேன். அவர் நம்ம பேராவுலதான் வருசக் கணக்கா வேலை செஞ்சிருக்காரு, முதல்ல கையுறை பேக்டரி, அப்புறம் ஜாகா, அதான் காவல் வேலை. மலாய் தண்ணியா பேசுறாரு, தமிழும் கொஞ்சம் வருது, "தம்பி, மேல போகாத, கீழ எறங்கு"ன்னு தமிழ்லயே சொன்னாரு. உயர நோய்க்கு அதுதான் வைத்தியம், எறங்கணும், வேற மாத்திரையெல்லாம் அப்புறம்தான். ராத்திரி முழுக்கப் பூண்டு சூப் போட்டுக் குடுத்து, தூங்க விடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தாரு, வெளிச்சம் வந்ததும் அவரே என் பைய தூக்கிக்கிட்டு கீழ கொண்டு வந்து விட்டாரு.

அந்த ராத்திரி அவர் பேசினதுதான் முக்கியம். அடுப்படியில உப்பு வச்சிருந்தது மைலோ டின்னுல, மலேசியா டின்னு, பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு போயிருந்துச்சு. மலேசியாவுல உங்களுக்குப் புடிச்ச ஆள் யாருன்னு நானே கேட்டேன். ஹாஸ்டலுக்கு எதிர்ல மளிகைக் கடை வச்சிருந்த இந்திய அக்கான்னாரு. சம்பளம் லேட்டாகுற மாசமெல்லாம் அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் கொப்பியில எழுதிட்டுக் குடுத்துடுவாங்களாம். நிலநடுக்கம் அன்னிக்கு வீட்டுக்குப் போன் போகல, அந்தக்கா கடைய அடைக்காம நடுராத்திரி வரைக்கும் டிவி போட்டு வச்சு எல்லா நேப்பாளப் பையன்களையும் உள்ள ஒக்கார வச்சு டீ போட்டுக் குடுத்தாங்களாம். கெளம்பி வர்றப்ப அவங்க குடுத்த மைலோவோட டின்னுதான் அது.

என்ன அவர் தாங்கினதுக்குக் காரணம் நான் இல்ல, அந்த அக்கா. யாரோ முகம் தெரியாத ஒரு மளிகைக்கடை அக்கா பேராவுல போட்ட டீ, எனக்கு இமயமலையில பூண்டு சூப்பா வந்து சேந்துச்சு.


வெட்டுமரம்
சனி, மதியம் 2.40

மலைஏறி தம்பி, இத இந்த ஊர் முழுக்கப் படிக்கணும். நம்மளும் ஒருத்தருக்கு வெளிநாடுதான்ல. லயத்துல இப்ப யாரு இருக்கா? பங்களாதேஷ்காரங்க, லொம்போக் தீவுக்காரங்க. சடக்குல (ரோட்டுல) ஜாகா நிக்கிறது நேப்பாளத் தம்பிங்க. அவங்க ஊர்ல போய் மலேசியாவுல பார்த்த ஒரு ஆளப் பத்தி சொல்லுன்னு கேட்டா நம்ம டவுன்லேர்ந்து யார் பேரையாவது சொல்லுவாங்களா?


செம்பனைக்குலை
சனி, மாலை 5.05

மன்னிக்கணும், தலைப்பு வெளிநாட்டுல பார்த்த ஆளு. அதுக்குள்ள லயம் எதுக்கு வருது?

நான் தோட்டத்துல பொறந்து தோட்டத்துலேர்ந்து தொரத்தப்பட்டவன். நிலத்த வித்தாங்க, வீட்ட இடிச்சாங்க, எங்கப்பா குலை அறுத்த கையோட டவுனுக்கு வந்து வாடகை வீட்டுல செத்தாரு. நாங்க நல்ல சம்பளம் கேட்டப்ப குடுக்காம, கொறஞ்ச கூலிக்கு வெளிய இருந்து ஆள் கொண்டாந்தாங்க. நானும் ஊர் ஊரா போனவன்தான், அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கர்ல, அதான் எல்லாருக்கும் இலவசமா சோறு போடுற எடத்துல, எல்லாரோடயும் தரையில வரிசையா ஒக்காந்து சாப்பிட்டிருக்கேன், யார் என்னன்னு ஒருத்தரும் கேக்கல, அந்த ரொட்டி குடுத்த கைக்கு நான் என்னிக்கும் கடன்பட்டவன். மனுஷ சாதி மேல எனக்கு வெறுப்பு கெடையாது. ஆனா லயத்துல அவங்க வந்தத கொண்டாடுன்னு என்கிட்ட சொல்லாதீங்க, வலிக்கும்.


ஓய்வுபெற்ற_டீச்சர்
சனி, இரவு 8.30

தம்பி செம்பனைக்குலை, உங்க வலி நெசம், அத யாரும் லேசா எடுத்துக்கக் கூடாது. நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில சொல்லிக் குடுத்தவ, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எண்ணிக்கை வருசா வருசம் கரைஞ்சதக் கண்ணால பார்த்தவ.

ஒரு பழைய கதை சொல்றேன், இங்க இருக்கிற சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. 1968ல ஒரு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துச்சு. குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யணும்னா பெர்மிட் வேணும்னு. நம்ம தோட்டத்துல பாதிப் பேர் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவங்க அடையாள அட்டை), பொறந்ததுக்குச் சீட்டு இல்ல, எழுதப் படிக்கத் தெரியாது, குடியுரிமைக்கு மனு போடணும்னு சொல்ல ஆள் இல்ல. ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாங்கன்னு கணக்கு. ரஜுலா கப்பல்ல அழுதுக்கிட்டே போனவங்கள்ல எங்க சித்தப்பா குடும்பமும் உண்டு. பொழைக்க வந்த எடத்துல நீ வெளியாளுன்னு ஒரு நாள் காகிதத்துல எழுதி நீட்டுனா எப்படி இருக்கும்னு நம்ம வீட்டுல கண்டிருக்கோம்.

எங்கம்மா தப்பிச்சாங்க. எப்படின்னா குடியுரிமைக்கு மலாய் பேசிக் காட்டணும், அம்மாவுக்குப் பால்மரக்காட்டுல பேசுற நாலு வார்த்தைதான் தெரியும். பக்கத்து கம்பத்துல (மலாய்க் கிராமம்) இருந்த மக்சிக், அதான் மலாய் அம்மா ஒருத்தங்க, மீன் வாங்க வர்றவங்க, சாயங்காலம் சாயங்காலம் லயத்து வாசல்ல ஒக்காந்து அம்மாவுக்கு மலாய் சொல்லிக் குடுத்தாங்க. அம்மா ஒரு கையில மங்கு கழுவிக்கிட்டே "நாமா சாய, ஊமோர் சாய"ன்னு (என் பேரு, என் வயசு) சொல்லிப் பழகுவாங்க, தப்பாச் சொன்னா மக்சிக் ஈர்க்குச்சியால காலத் தட்டுவாங்க. இண்டர்வியூ அன்னிக்குத் தன்னோட நல்ல சேலேண்டாங் சால்வைய அம்மா தோள்ல போட்டு விட்டு அனுப்பி வச்சாங்க. எங்க வீட்டுல இன்னிக்கு எல்லார் கையிலயும் குடியுரிமை உள்ளவங்க நீல ஐசி இருக்குன்னா அந்த மக்சிக்தான்.

கொறஞ்ச கூலிக்கு ஆள் கொண்டாந்தவன் வேற, கொண்டாரப்பட்டவன் வேற தம்பி. 1938க்கு முன்னாடி கங்காணி நம்ம பாட்டன கொண்டாந்ததும் அப்படித்தான். ஊர்ல நெலத்த அடகு வச்சு ஏஜெண்டுக்குக் காசு கட்டிட்டு வர்ற பையன் உங்க அப்பா வேலைய எடுக்கணும்னு வரல.


செம்பனைக்குலை
சனி, இரவு 9.15

டீச்சர், நீங்க சொல்றது புரியுது. கொண்டாந்தவன் மேல என் கோவம் கோவம்தான், அது போகாது. அந்தப் பையன்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல.


தீவுக்காத்து
சனி, இரவு 10.50

நான் வேற மாதிரி ஒரு ஆளச் சொல்றேன், இழை ரொம்ப கனமா போச்சு. மொரிஷியஸ்ல டாக்ஸி ஓட்டுற தமிழர். பேரு தமிழ்ப் பேரு, நெத்தியில திருநீறு, பேசுறது கிரியோல். நான் மலேசியத் தமிழன்னதும் வண்டிய ஓரமா நிறுத்திட்டு பர்சுலேர்ந்து அவங்க ஊர் நோட்ட எடுத்துக் காட்டினாரு, அதுல தமிழ்ல அச்சடிச்சிருக்கு. 1998ல புது நோட்டு அடிச்சப்ப தமிழ இந்திக்குக் கீழ எறக்கிட்டாங்களாம், சனங்க விடல, அந்த நோட்டையே திரும்ப வாங்கிட்டு மறுபடி பழைய வரிசையில அடிச்சாங்க. அவருக்கு அந்த எழுத்த வாசிக்கத் தெரியாது. நான் வாசிச்சுக் காட்டினேன், அவர் கூடவே சொல்லிப் பார்த்தாரு.

ஆனா நான் நன்றி சொல்றது அதுக்கு இல்ல. அவர் வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டாரு. பந்தியில எனக்கு ஒரு பக்கம் போஜ்புரி பேசுற குடும்பத்துலேர்ந்து வந்த சம்பந்தி, இன்னொரு பக்கம் சீன நண்பர், எதிர்ல ஆப்பிரிக்க வம்சத்துப் பக்கத்து வீட்டம்மா. எல்லார் தாத்தாவும் வேற வேற கப்பல்ல வந்தவங்க, கரும்புத் தோட்டம்தான் பாதிப் பேர் கதை. நம்ம டவுன் கல்யாண வீட்டுலகூட எல்லா இனமும் வருவாங்க, ஆனா தனித்தனி மேசையில ஒக்காருவாங்கல்ல, அங்க ஒரே பாய்.


வெட்டுமரம்
ஞாயிறு, காலை 7.30

எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. ஒரு யோசனை. பொங்கல் வருது. கோயில் திடல்ல நாம வருசா வருசம் பொங்கல் வைக்கிறோம். இந்த வருசம் லயத்துல இருக்கிறவங்களையும் ஜாகா தம்பிங்களையும் கூப்பிட்டா என்ன?


மலைஏறி
ஞாயிறு, காலை 8.05

நல்ல யோசனைண்ணே. நேப்பாளத்துக்காரங்களுக்கும் அதே சமயத்துலதான் மாகே சங்கராந்தி, எள்ளுருண்டை, நெய், வள்ளிக்கெழங்கு எல்லாம் வச்சு சாப்பிடுவாங்க. டாக்கா பழைய டவுன்ல அதே சமயம் பட்டம் விடுற திருவிழா, சக்ராயின்னு சொல்லுவாங்க, இந்து முஸ்லிம் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிடுவாங்க. சூரியன் எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் திரும்புறாரு.


நைட்ஷிப்ட்
ஞாயிறு, காலை 8.20

யோசனை நல்லாருக்கு, ஆனா கூப்பிட்டா வர மாட்டாங்கண்ணே. வர இஷ்டம் இல்லாம இல்ல. நெறைய பேரோட பாஸ்போர்ட் அவங்க கையில இருக்காது, முதலாளி பக்கம் வாங்கி வச்சிருப்பாங்க. சடக்குல சோதனை வந்தா யாரு பதில் சொல்றது. டவுனுக்கு வந்து மாட்டிக்கிட்டா நம்ம விருந்தாலதான் மாட்டினாங்கன்னு ஆயிடும். நான் வெளியூர்ல காகிதம் பத்திரமா இருக்கான்னு பையத் தடவிப் பார்த்துக்கிட்டே நடந்தவன், அந்தப் பயம் எனக்குத் தெரியும்.


ஓய்வுபெற்ற_டீச்சர்
ஞாயிறு, காலை 9.00

அப்ப அவங்க வர வேணாம். நாம போவோம். தோட்டத்துல ஆயா பிள்ளைங்களப் பார்த்துக்கிட்ட பழைய ஆயக்கொட்டகை முன்னாடி எடம் இருக்கு, மூணு கல்லு வச்சாப் போதும். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) என்கிட்ட படிச்ச பையன்தான், மேனேஜர்கிட்ட முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கித் தரச் சொல்றேன். காலையில அவங்களுக்கு வேலை இருக்கும், அதனால பேர் கூப்பிடுற பெரட்டு நேரத்துல வேணாம், வேலை விட்டு குளிச்சிட்டு வர்ற நேரமா சாயங்காலம் வைப்போம்.


கோலகங்சார்_நானா
ஞாயிறு, காலை 9.25

டீச்சர், நானும் வர்றேன். பங்களாதேஷ், லொம்போக் பையன்க எல்லாம் முஸ்லிம், சாப்பிட யோசிப்பாங்க. பொங்கல் அரிசி, பால், வெல்லம், நெய்தான்னு நான் அவங்ககிட்ட பேசிடுறேன். புதுச் சட்டியில செய்வோம். அது நைவேத்தியம்னா சில பேர் சங்கடப்படலாம், அதனால படையலுக்கு ஒரு பானை தனியா, அவங்களுக்கு ஒரு பானை தனியா வச்சிடுங்க, யார் மனசும் கஷ்டப்படாது. கறி நான் என் செலவுல கொண்டாரேன், கோழி போதும், நேப்பாளத் தம்பிங்க இருக்காங்க, மாடு வேணாம்.


ஆயக்கொட்டகை
ஞாயிறு, காலை 10.10

எனக்கு சந்தோஷத்துல என்ன எழுதுறதுன்னு தெரியல. அரிசியும் வெல்லமும் என் பொறுப்பு. கரும்பு யாராச்சும் பார்த்துக்குங்க. தண்ணிக்கு அங்க பைப்பு இருக்கான்னு டீச்சர் கேட்டுச் சொல்லுங்க.


தீவுக்காத்து
ஞாயிறு, காலை 10.40

பட்டம் செய்ய மூங்கில் ஈர்க்கும் காகிதமும் வாங்கித் தர்றேன், பையன்களே செஞ்சுக்கட்டும். லைட் கம்பி இல்லாத பக்கமா விடச் சொல்லணும். பழைய திடல் பக்கம் கம்பி கெடையாதுன்னு நெனைக்கிறேன், யாராச்சும் பார்த்துச் சொல்லுங்க.


செம்பனைக்குலை
ஞாயிறு, காலை 11.30

திடல் பக்கம் கம்பி இல்ல, எனக்குத் தெரியும், நான் ஓடி வெளையாடுன எடம். எங்கம்மாவோட பெரிய பித்தள அண்டா வீட்டுல சும்மா கெடக்கு, அம்பது அறுபது பேருக்குப் பொங்கும். ஈயம் பூசணும், ஈப்போவுல ஒரு ஆளு பூசுறாரு, இந்த வாரம் கொண்டு போறேன். நானா, நீங்க சொன்ன ரெண்டாவது பானைக்கு அத வச்சுக்கலாமா, இல்ல புதுசுதான் வேணுமா?


கோலகங்சார்_நானா
ஞாயிறு, மதியம் 12.05

ஈயம் பூசி, நல்லா கழுவினா தாராளமா வச்சுக்கலாம் தம்பி. தூக்க ரெண்டு ஆள் வேணும், நான் வேன் கொண்டாரேன்.